குளிர்ந்த கோப்பைக்கு ஏற்ற கொழுந்து

நீலகிரியில் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் உழவர் ஒருவரிடம், "உங்கள் இலை எங்கே போகிறது?" என்று கேட்டால், "ஆலைக்குப் போகிறது" என்பார். ஆலையிலிருந்து அது எங்கே போகிறது, யார் எப்படி அருந்துகிறார்கள் என்பது பெரும்பாலும் அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. இலையை எடை போட்டுக் கொடுத்ததும் தம் வேலை முடிந்தது என்று அவர் எண்ணுவது இயல்பே.

ஆனால், அருந்துகிறவரின் பழக்கம் மாறும்போது இலைக்குரிய மதிப்பும் மாறுகிறது. இன்று உலகின் பல நகரங்களில் தேயிலையைச் சூடாகப் பாலுடன் அருந்தும் வழக்கத்தோடு, குளிர்ந்த நீரில் ஊறவைத்தும், பழச்சாற்றோடு சேர்த்தும், மதுக் கலவைகளில் சாரம் இறக்கியும் பயன்படுத்தும் வழக்கம் வளர்ந்து வருகிறது. இந்தப் புதிய தேவை நம் சிறு விவசாயிகளுக்கு எந்த அளவுக்குப் பயன்படும், அதற்குத் தோட்டத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பால் மறைப்பதும் குளிர்நீர் காட்டுவதும்

நம் நாட்டில் விற்பனையாகும் தேயிலையில் பெரும்பங்கு சி.டி.சி. முறையில் தயாராவது. இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் இந்த உருளை இயந்திர முறை 1930-ஆம் ஆண்டை ஒட்டி அசாமில் உருவாயிற்று. இம்முறையில் கிடைக்கும் தூள் விரைவில் சாறு இறங்கும். நிறமும் கடுப்பும் மிகுதி. பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கொதிக்க வைத்து அருந்துவோருக்கு இதுவே ஏற்றது.

பாலில் உள்ள புரதம் தேயிலையின் துவர்ப்புப் பொருள்களோடு பிணைந்து துவர்ப்பைத் தணிக்கிறது. சர்க்கரை கசப்பை மறைக்கிறது. ஆகவே, கொழுந்தில் முற்றிய இலை கொஞ்சம் கலந்திருந்தாலும், சாக்கில் சூடேறிச் சற்றுச் சிவந்திருந்தாலும், பால் கலந்த கோப்பையில் அக்குறை எளிதில் புலப்படுவதில்லை.

குளிர்ந்த கோப்பையில் நிலைமை வேறு. அதில் பால் இல்லை. கண்ணாடிக் குவளையில் ஊற்றுவதால் நிறமும் தெளிவும் கண்ணுக்குத் தெரிகின்றன. மணம் மெல்லியதாக இருப்பதால் புகை வாடை, சாக்கு வாடை, பச்சை வாடை எதுவானாலும் உடனே தனித்துத் தெரிகிறது. எனவே, பழைய சந்தை பொறுத்துக் கொண்ட குறைகளைப் புதிய சந்தை பொறுத்துக் கொள்ளாது. இக்கட்டுரையில் நாம் முதன்மையாக மனத்தில் கொள்ள வேண்டியது இதுவே.

குளிர்ந்த தேநீரின் வரலாறு

குளிர்ந்த தேநீர் நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்காவில் 1877-இல் வெளியான ஒரு சமையல் நூலிலேயே அதற்குச் செய்முறை உண்டு. 1904-இல் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் இந்தியத் தேயிலையைப் பரப்புவதற்காகச் சென்றிருந்தவர் ரிச்சர்டு பிளெச்சிண்டன். கோடை வெயிலில் சூடான தேநீரை நாடி எவரும் வராததால், அவர் அதைப் பனிக்கட்டியின் மீது ஊற்றிக் கொடுத்துப் புகழ் பெற்றார் என்பது பலரும் சொல்லும் செய்தி. இன்றும் அமெரிக்காவில் அருந்தப்படும் தேநீரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குளிர்ந்த தேநீரே. அதற்கான கலவைகளில் நீலகிரித் தேயிலை நெடுங்காலமாக விரும்பிச் சேர்க்கப்படுகிறது. ஆறிய பிறகும் தெளிவாக நிற்கும் அதன் குணமே இதற்குக் காரணம்.

மதுக் கலவைகளில் தேயிலை

மதுவோடு எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு முதலியவற்றைச் சேர்த்து, பனிக்கட்டியிட்டுக் குலுக்கித் தரும் கலவைப் பானத்தைக் காக்டெயில் என்கிறார்கள். மதுப் பழக்கத்தைப் பரிந்துரைப்பது நம் நோக்கமன்று. நாம் விளைவிக்கும் இலை எங்கெல்லாம் செல்கிறது, அங்கே அதனிடம் எதிர்பார்க்கப்படும் குணம் எது என்பதை விளைவிப்பவர் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதைக் கூறுகிறோம்.

பதினேழாம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் பரவிய 'பஞ்ச்' என்னும் கலவைப் பானத்தின் பெயர், ஐந்து என்று பொருள்படும் நம் நாட்டுச் சொல்லிலிருந்து வந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. மது, சர்க்கரை, எலுமிச்சை, நீர், நறுமணப் பொருள் ஆகிய ஐந்தும் சேர்ந்தது அது. பின்னர் அதில் நீருக்குப் பதிலாகத் தேநீர் சேர்க்கும் வழக்கமும் ஏற்பட்டது.

அண்மைக் காலத்தில் இவ்வழக்கம் மீண்டும் தலையெடுத்துள்ளது. நியூயார்க் நகரில் ஆட்ரி சாண்டர்ஸ் என்னும் பானக் கலைஞர் 2000-க்குப் பிந்திய ஆண்டுகளில் புகழ்பெறச் செய்த கலவை ஒன்றில், எர்ல் கிரே தேயிலையை ஜின் என்னும் மதுவில் ஊறவைத்துச் சாரம் இறக்கினார். எர்ல் கிரே என்பது பெர்கமோட் என்னும் எலுமிச்சை இனப் பழத்தோலின் எண்ணெயால் மணமூட்டிய கறுப்புத் தேயிலை. ஜப்பானில் ஊலாங் தேநீரையும் பச்சைத் தேநீரையும் ஷோச்சு என்னும் மதுவோடு கலந்து தருவது எளிய உணவுக் கடைகளிலும் காணக்கூடிய வழக்கம். அமெரிக்காவில் மது சேர்த்த குளிர்ந்த தேநீர் புட்டிகளிலும் டின்களிலும் அடைத்து விற்கப்படுகிறது. மது அருந்தாதவர்களுக்காகத் தேநீரை அடிப்படையாகக் கொண்ட பழக்கலவைகளும் உணவகங்களில் பெருகி வருகின்றன. மதுவின் காரம் இல்லாத பானத்துக்கு ஒரு பிடிப்பைத் தருவது தேயிலையின் துவர்ப்பே.

பெயரைக் கண்டு மயங்கிவிடவும் கூடாது. 'லாங் ஐலண்டு ஐஸ் டீ' என்று உலகெங்கும் விற்கப்படும் மதுக் கலவையில் தேயிலை ஒரு துளியும் கிடையாது. நிறம்தான் தேநீரைப் போன்றது.

மதுவில் தேயிலையை ஊறவைப்பவர்கள் ஓர் உண்மையைக் கண்டிருக்கிறார்கள். சாராயப் பொருளானது சூடு இல்லாமலே இலையின் மணத்தையும் துவர்ப்பையும் விரைவாகக் கரைத்து எடுத்துவிடும். இரண்டு மணி நேரத்தில் இறங்கும் சாரம் இனிய மணமுடையது. இரவு முழுவதும் விட்டால் கசப்பு மேலோங்கிவிடும். நல்ல மணத்தை எடுப்பது போலவே தீய வாடையையும் அது எடுத்துவிடும். ஆகவே இப்பானங்களைத் தயாரிப்பவர்கள் தூளை விரும்புவதில்லை. உடையாத, சுருண்ட, தூய மணமுள்ள ஆர்த்தடாக்ஸ் வகை இலைத் தேயிலையையே நாடுகிறார்கள்.

தேநீர் ஆறியதும் கலங்குவது ஏன்?

சூடான தேநீரை ஆறவைத்தால் சில சமயம் பழுப்பு நிறமாகக் கலங்கிவிடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இலையிலுள்ள காஃபீன் என்னும் பொருளும், இலை புளிக்கும்போது உண்டாகும் தியாஃபிளேவின், தியாரூபிஜின் என்னும் பொருள்களும் சூட்டில் கரைந்திருக்கும். ஆறும்போது அவை ஒன்றோடொன்று பிணைந்து நுண்ணிய துகள்களாகப் பிரிகின்றன. சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீரில் இக்கலங்கல் இன்னும் அதிகம்.

கலங்குவது இலையின் குறையன்று. அசாம் தேயிலையில் அது சாற்றின் வலிமைக்கு அடையாளமாகவே மதிக்கப்படுகிறது. ஆனால், கண்ணாடிக் குவளையில் தரும் பானத்துக்கு அது பொருந்தாது. மலை உயரத்தில் விளைந்து, ஆர்த்தடாக்ஸ் முறையில் பக்குவமான நீலகிரித் தேயிலை மென்மையான சாறுடையது. குளிர்ந்தாலும் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். மேலும், தேயிலையைத் தொடக்கத்திலிருந்தே குளிர்ந்த நீரில் ஊறவைத்தால், காஃபீனும் துவர்ப்புப் பொருள்களும் குறைவாகவே இறங்குவதால் கலங்கல் ஏறத்தாழ நேர்வதில்லை.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, இரவுக் குளிரும் வறண்ட காற்றும் உள்ள நாட்களில், துளிர் மெதுவாக வளர்கிறது. அக்காலத்து இலையில் மணம் மிகுந்திருக்கும். இதைப் பனிக்காலத் தேயிலை என்று தனியே விற்கிறார்கள். உறைபனியில் கருகிய துளிரை இதில் சேர்க்கக் கூடாது. பனி கருக்காத, ஆனால் குளிரில் வளர்ந்த கொழுந்தே மதிப்புடையது.

தோட்டத்தில் செய்ய வேண்டியவை

தரம் ஆலையில் தொடங்குவதில்லை, செடியில் தொடங்குகிறது. இளந்துளிரின் உலர் எடையில் 100-க்கு 25 முதல் 30 பங்கு வரை பாலிஃபீனால் என்னும் துவர்ப்புப் பொருள்கள் உண்டு. மொட்டிலும் முதல் இலையிலும் இவை அதிகம். இலை முற்ற முற்றக் குறைந்துவிடும். முற்றிய இலையில் நார் மிகுந்து சாறு சப்பென்று இருக்கும். எனவே கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டும்.

1. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறித்தல் வேண்டும். நுனிமொட்டு உறங்கிவிட்ட துளிராயின், இளசாக உள்ள ஓர் இலையை மட்டும் சேர்க்கலாம்.

2. பறிப்பு இடைவெளியைத் தவறவிடக் கூடாது. துளிர் மிகுந்த மாதங்களில் 7 முதல் 10 நாட்களுக்கு ஒரு முறையும், குளிர் மாதங்களில் 12 முதல் 15 நாட்களுக்கு ஒரு முறையும் பறிக்கலாம். இடைவெளி நீண்டால் எடை கூடும். ஆனால் கூடுவது பெரும்பாலும் முற்றிய இலையின் எடையே.

3. ஆள் பற்றாக்குறையால் கத்தரி கொண்டு வெட்டுவோர் பலர். தோட்டம் முழுவதையும் கையால் பறிக்க இயலாவிடில், ஒரு சிறு பகுதியை மட்டும் ஒதுக்கி அதைக் கையாலேயே பறித்து வருதல் நலம். அப்பகுதியின் இலையை மற்ற இலையோடு கலக்காதீர்கள்.

4. பறித்த இலையைக் கூடையில் அமுக்கக் கூடாது. இலை பறித்த பின்னும் மூச்சு விடுகிறது. நெருக்கி அடைத்தால் அந்த வெப்பத்தால் இலை சிவந்து கெடும். காற்றோட்டமுள்ள நைலான் வலைப் பைகளில் தளர்வாக இட்டு, நிழலில் வைத்து, அன்றே ஆலைக்கு அனுப்ப வேண்டும்.

5. உரமோ பூச்சிமருந்தோ வந்த சாக்குகளில் ஒருபோதும் இலையைக் கட்டாதீர்கள். மண்ணெண்ணெய், வெங்காயம், மசாலை ஆகியவற்றின் அருகிலும் வைக்காதீர்கள். தேயிலை பிற வாடைகளை எளிதில் ஈர்த்துக் கொள்ளும்.

6. தேயிலை வாரியத்தின் பயிர்ப் பாதுகாப்பு நெறிமுறையில் உள்ள மருந்துகளை மட்டும், குறிப்பிட்ட அளவில் தெளிக்க வேண்டும். காத்திருப்பு நாட்கள் முடியும் முன் பறிக்கலாகாது. பால் கலவாத தேயிலையை வாங்கும் வெளிநாட்டு வணிகர்கள் மருந்து எச்சத்தைச் சோதித்தே வாங்குகிறார்கள். ஒரு தோட்டத்தின் தவறு ஒரு சரக்கு முழுவதையும் திருப்பி அனுப்பச் செய்துவிடும்.

உங்கள் இலையின் தரத்தை நீங்களே அளந்து பார்க்கலாம். கூடையின் மேல், நடு, அடி ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் எடுத்து 100 கிராம் இலையை நிறுத்துக் கொள்ளுங்கள். இளங்கொழுந்தையும் முற்றிய இலையையும் தனித்தனியே பிரித்து எடை போடுங்கள். கொழுந்து 70 கிராமுக்குக் குறையாமல் இருப்பதை இலக்காகக் கொள்ளலாம். ஒவ்வொரு பறிப்பிலும் இதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தால், எந்தப் பறிப்பில் தரம் தவறியது, ஏன் தவறியது என்பது விளங்கும்.

வீட்டிலேயே ஒரு சோதனை

பல ஆண்டுகள் இலை பறித்தும் தம் தோட்டத்துத் தேநீரைத் தனியே சுவைத்துப் பார்க்காதவர்கள் நம்மில் உண்டு. ஒரு கிலோ நல்ல கொழுந்தைக் கொண்டு இச்சோதனையைச் செய்து பாருங்கள்.

மாலையில் கொழுந்தைச் சுத்தமான வலையின் மீது மெல்லியதாகப் பரப்பி, நிழலில் 14 முதல் 18 மணி நேரம் வாட விடுங்கள். காம்பை மடக்கினால் ஒடியாமல் வளைய வேண்டும், அதுவே பதம். பிறகு கையால் அழுத்திச் சுருட்டி 20 முதல் 30 நிமிடம் உருட்டுங்கள். சாறு கசிந்து கையில் ஒட்டும். அதை ஒரு தட்டில் பரப்பி, ஈரத் துணியால் மூடி 2 முதல் 4 மணி நேரம் வையுங்கள். பச்சை வாடை நீங்கிப் பழ மணம் எழும்போது, கனமான வாணலியில் மிக மெல்லிய தீயில், புகை படாமல், மொறுமொறுப்பாகும் வரை உலர்த்துங்கள். ஒரு கிலோ கொழுந்துக்கு ஏறத்தாழ 220 கிராம் தேயிலை கிடைக்கும்.

ஆறிய பின் 10 கிராம் எடுத்து, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நல்ல நீரில் இட்டு மூடி, குளிர்பதனப் பெட்டியில் 8 முதல் 12 மணி நேரம் ஊறவிட்டு வடிகட்டுங்கள். அடுத்த பறிப்பில், முற்றிய இலை கலந்த சாதாரண இலையையும் இதே முறையில் செய்து, இரண்டையும் அருகருகே கண்ணாடிக் குவளையில் ஊற்றிச் சர்க்கரை இல்லாமல் சுவைத்துப் பாருங்கள். நாம் இங்கே பக்கம் பக்கமாக எழுதுவதைவிட அந்த இரண்டு குவளைகள் தெளிவாகச் சொல்லிவிடும். வீட்டில் குழந்தைகள் விரும்பினால் எலுமிச்சையும் தேனும் சேர்த்துக் கொடுக்கலாம்.

எவ்வளவு விற்கும்? ஒரு கணக்கு

புதிய சந்தை என்று கேட்டதும் கடன் வாங்கி இயந்திரம் வாங்கிவிடக் கூடாது. முதலில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு குவளைப் பானத்துக்கு ஏறத்தாழ 2.5 கிராம் தேயிலை போதும். நாளொன்றுக்கு 20 குவளை விற்கும் ஓர் உணவகம் 50 கிராம் வாங்கும். மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ. ஒரு கிலோ தேயிலைக்கு நாலரைக் கிலோ பச்சை இலை என்றால், அந்த உணவகத்துக்கு மாதம் தேவைப்படுவது 7 கிலோவுக்கும் குறைவான பச்சை இலையே. ஆண்டுக்கு 81 கிலோ. ஏக்கருக்கு ஆண்டில் 4,000 கிலோ பச்சை இலை கிடைப்பதாக வைத்துக் கொண்டால், ஒரே ஒரு ஏக்கரின் இலையை விற்கக் கிட்டத்தட்ட ஐம்பது உணவகங்கள் வேண்டும்!

ஆகவே, மதுக் கலவைக் கடைகளையும் ஆடம்பர உணவகங்களையும் மட்டும் நம்பி எவரும் தோட்டத்தை மாற்றக் கூடாது. 2006-இல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த ஏலத்தில் ஒரு நீலகிரித் தேயிலை கிலோ 600 டாலருக்கு விற்றது உண்மை. ஆனால் அது சிறிய அளவில் தனிக் கவனத்தோடு செய்த சரக்குக்குக் கிடைத்த விலை. அதை எல்லா இலைக்கும் எதிர்பார்க்க இயலாது.

பின் இதனால் பயன் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அவ்வுணவகங்கள் கேட்கும் அதே குணங்களைத்தான் குளிர்ந்த தேநீர்க் கலவை செய்வோரும், பச்சைத் தேயிலை வாங்குவோரும், ஆர்த்தடாக்ஸ் ஏற்றுமதியாளரும் கேட்கிறார்கள். கொழுந்தின் தரம் உயர்ந்தால் இத்தனை கதவுகளும் திறக்கும். 1990-களின் இறுதியில் தேயிலை விலை சரிந்தபோது நீலகிரியின் சிறு விவசாயக் குடும்பங்கள் பட்ட துன்பத்தை நாம் மறக்க இயலாது. ஒரே வகைத் தூளுக்கு ஒரே சந்தையை நம்பி நிற்பவருக்கு, அச்சந்தை சரியும்போது வேறு புகலிடம் இல்லை.

சேர்ந்து செய்தல் நலம்

தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் பச்சை இலை விலை, ஏலத்தில் தூளுக்குக் கிடைத்த சராசரி விலையை ஒட்டி அமைவது. சராசரி விலையில் தனி ஒருவரின் நல்ல கொழுந்துக்குத் தனி மதிப்புக் கிடைப்பது கடினம். பத்து அல்லது பதினைந்து பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து, வாரத்தில் ஒரு நாள் கையால் பறித்த கொழுந்தை மட்டும் தனியே திரட்டினால், ஆர்த்தடாக்ஸ் அல்லது பச்சைத் தேயிலை செய்யும் ஆலையோடு தர அடிப்படையில் விலை பேசலாம். கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளில் உறுப்பினராக இருப்பவர்கள் இக்கோரிக்கையைப் பொதுக்குழுக் கூட்டத்திலேயே எழுப்பலாம். விலை உறுதியாகும் முன் கைப்பறிப்புக்கு ஆகும் கூடுதல் கூலியையும், குறையும் எடையையும் கணக்கிட்டுக் கொள்ள வேண்டும். அவ்விரண்டையும் ஈடுகட்டாத விலைக்கு ஒப்புக்கொள்வதில் பொருளில்லை.

சொந்தமாகச் சிறு அளவில் தயாரித்து விற்க விரும்புவோர், உணவுப் பாதுகாப்பு உரிமம் பெறுவதும் தேயிலை வாரியத்தின் விதிகளை அறிந்து நடப்பதும் இன்றியமையாதவை. வீட்டுச் சோதனையில் செய்த தேயிலையை அப்படியே விற்கலாகாது. மது சேர்ந்த பானம் எதையும் உரிமமின்றித் தயாரிப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம். அதில் இறங்க வேண்டாம். ஆனால், உதகைக்கும் குன்னூருக்கும் வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு உரிய அனுமதியோடு எலுமிச்சை சேர்த்த குளிர்ந்த தேநீர் விற்பது, மகளிர் குழுக்கள் எண்ணிப் பார்க்கத்தக்க தொழிலாகும்.

பறிப்பு முறை, பயிர்ப் பாதுகாப்பு ஆகியவை குறித்த ஐயங்களுக்குக் குன்னூரில் உள்ள உபாசி வேளாண் அறிவியல் நிலையத்தையும் தேயிலை வாரிய அலுவலகத்தையும் அணுகலாம்.

உழவர் பெருமக்களே! உலகின் எந்த மூலையில் எந்தக் குவளையில் ஊற்றினாலும், அதன் சுவை முதலில் தீர்மானமாவது உங்கள் செடியில், பறிக்கும் விரல்களில். அடுத்த பறிப்பின்போது அந்த 100 கிராம் சோதனையைச் செய்து பாருங்கள். செலவு ஒன்றுமில்லை, ஒரு தராசும் அரை மணி நேரமும் போதும். அதிலிருந்து தொடங்குங்கள்.